தட்டர் போட்ட தரை

இந்த உலகத்தில் எதையுமே தட்டிப் பார்க்காமல் நம்பாத ஒரே மனிதர் எங்கள் தட்டர்தான். கடவுளைக்கூட அவர் கோயில் கதவைத் தட்டிப் பார்த்த பிறகுதான் நம்பியிருப்பார்.

எண்பதுகளில் பாரிஸ் லா சப்பலில் ஒரே அறைக்குள் அடைந்து கிடந்த எங்கள் கூட்டத்தில் அவரும் ஒருவர். மன்னார்க்காரர். ஊரில் பைபர் வள்ளம் கட்டியவர், இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பலகை உள்ளுக்குள் உக்கி இற்றுப்போயிருந்தால் விரல் முட்டியால் தட்டும்போது சத்தம் மாறிவிடும் என்பது அவருடைய தொழில் ஞானம். அதை வள்ளத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் தின்னப் பாண் வாங்கினால் பாணைத் தட்டுவார், மெத்ரோவில் ஏறுமுன் பெட்டியைத் தட்டுவார். ஒருமுறை நெஞ்சு வலிக்கிறது என்றார் என்று டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் இவருடைய நெஞ்சைத் தட்டினார். இவர் டொக்டரின் மேசையைத் தட்டினார்.

"என்ரை நெஞ்சு கிடக்கட்டும் தம்பி. இவரின்ரை மேசை இந்த மூலையிலை உக்கல். ஒருக்காச் சொல்லும்."

நான் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கவில்லை. டொக்டரோடு பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

மனிதர்களை மட்டும் அவர் தட்டமாட்டார். "அது டொக்டர்மாற்றை வேலை" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி யோகம் பாரிசுக்கு வருவது முடிவானது. கலியாணம் முடிந்த கையோடு அவளை விட்டுவிட்டு வந்தவன் நான். ஆம்பிளைகள் குறட்டை விடும் அறைக்கு அவளை எப்படிக் கூட்டி வருவது? வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடமெல்லாம் என் முகத்தைக் கண்டதும் வீடு போய்விட்டது என்றார்கள். புறநகர் ஒபர்வில்லியேயில் நான் வேலை செய்த கிடங்கின் முற்றத்தில் ஒரு கிழட்டு காம்பிங் கார் நின்றது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே வைத்த பைபர் வண்டிவீடு. எஞ்சின் செத்து, சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. "வேண்டுமென்றால் அதில் இரு" என்றார் முதலாளி. நான் சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் ஓடிப்போய், தனி வீடு கிடைத்துவிட்டது என்று யோகத்துக்கு ரெலிபோனில் சொல்லிவிட்டுத்தான் வண்டிக்குள் ஏறிப் பார்த்தேன். என் வலது கால் தரையைப் பொத்துக்கொண்டு தொடைவரை கீழே இறங்கியது.

தட்டரைக் கூட்டி வந்தேன். மனிதருக்கு முகமெல்லாம் வெளிச்சம். கையில் ஒரு சோக்கட்டியோடு குந்தியிருந்து, தரை முழுவதையும் தட்டித் தட்டிக் கோடு கீறினார். டங், டங், டங், தொப். தொப் என்ற இடமெல்லாம் கோட்டுக்கு உள்ளே. கடைசியில் பார்த்தால் கோட்டுக்கு வெளியே இருந்தது படுக்கைக்குக் கீழே ஒரு துண்டு மட்டும்தான்.

"தம்பி, பைபர் உடம்பு எங்கள் எல்லாரையும் புதைச்சிட்டுத்தான் போகும். அடிப்பலகைதான் உக்கிப்போச்சு."

"மேலாலை ஒரு விரிப்பு ஒட்டினால் போதாதோ அண்ணை? மனுசி வாற நேரம்."

"செத்தவனுக்குப் பவுடர் பூசச் சொல்லுறீரோ?"

விரிப்புக் கதையை அத்தோடு விட்டேன். ஆனால் அவர் உடனே தரையிலும் கை வைக்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பலகையை மாற்றினால் அதுவும் உக்கும் என்று, கூரையில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு நின்றார். எனக்கோ பொறுமை போய்க்கொண்டிருந்தது. பின்பக்க யன்னலின் றப்பர் வெடித்திருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று மனிதர் யன்னலுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் றப்பரை மாற்றினார்.

பிறகு தொடங்கினார் பாருங்கள், அதுதான் வேலை! உக்கலையெல்லாம் நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்தார். கரண்டியால் சுரண்டினார். இரும்புச் சட்டத்தைத் துருப்போகத் தேய்த்துக் காயவிட்டார். புது ஒட்டுப்பலகையைப் போடுமுன் மேல், கீழ், விளிம்பு என்று ஓரிடம் விடாமல் பிசின் பூசினார். அதற்குமேல் பைபர் துணி விரித்து, மறுபடியும் பிசின். பைபர் தூசு அவருடைய சட்டையோடு லா சப்பல் அறைக்கும் வந்து சேர்ந்தது. நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து சொறிந்தோம். அவர் மட்டும் சொறியவில்லை. அவருக்கு அது பழக்கமாம்.

யோகம் வருவதற்கு முதல்நாள் வேலை முடிந்தது. புதுத் தலையணை வாங்கிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். தட்டர் வண்டிக்குள் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு நின்றார். கையில் றப்பர் குழாய். கணுக்கால்வரை தண்ணீர்.

"ஐயோ அண்ணை! என்ன செய்யிறியள்?"

"தண்ணி விட்டுப் பாக்கிறன். எங்கடை பக்கம் புது வள்ளத்துக்குத் தண்ணி விட்டுப் பாக்காமல் கடலிலை இறக்கமாட்டம்."

"இது கடலுக்குப் போகேல்லை அண்ணை!"

தட்டர் யோசித்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஓம். உது எனக்கு நினைவு வரேல்லை."

தண்ணீரைத் திறந்துவிடலாம் என்றால் வழியில்லை. பழக்கதோஷம், மனிதர் வள்ளத்துக்குச் செய்வதுபோலவே சுவரோரமும் வாசற்படியும் சாண் உயரத்துக்குப் பைபரை ஏற்றி ஒட்டியிருந்தார். வண்டிக்கு அடியில் புகுந்து பழைய பேப்பரால் ஒற்றி, அதை என் மூக்குக்கு நேரே ஆட்டினார். "பாரும், ஒரு சொட்டு இருக்கோ!" உண்மைதான், ஒரு சொட்டும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அந்தத் தரையில் நாளைக்கு ஒருத்தி பெட்டியோடு வந்து ஏறப்போகிறாள்.

"ஒரு ஓட்டை போடுவம் அண்ணை."

"ஓட்டையோ? என்ரை வள்ளத்திலையோ?" வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் அறையிலிருந்த அத்தனை பேரும் உணவகத்துச் சட்டிபானைகளோடு பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று அள்ளி ஊற்றினார்கள். இது என்ன நீச்சல் குளமா என்று முதலாளி கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு அள்ளினோம்.

மறுநாள் பின்னேரம் யோகத்தை விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தேன். கிடங்கு, லொறிகள், புல், நடுவில் அந்த வண்டி. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

வாசலில் தட்டர் நின்றார், யாருடையதோ கோட்டும் கழுத்தில் ரையும் போட்டுக்கொண்டு. "வாங்கோ தங்கச்சி" என்றவர், அவளுக்கு முன்னால் குந்தி, வாசலிலிருந்து படுக்கைவரை தரையைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங்.

"கேட்டனீங்களோ? ஒரு இடத்திலும் தொப்பெண்டு சத்தமில்லை."

யோகம் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணை, இந்த வீடு ஓடுமோ?"

"ஓடாது தங்கச்சி. ஆனால் மிதக்கும்."

அவள் சிரித்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானும் குனிந்து ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

சார்செலில் ஃபிளாட் கிடைக்கும்வரை நாங்கள் அந்தத் தரையில்தான் குடித்தனம் நடத்தினோம். மழைக்கும் பனிக்கும் அது அசையவில்லை.

யோகம் வந்த அன்றைக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தட்டர் புறப்பட்டார். பஸ் தரிப்பிடம்வரை கூட நடந்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் நின்று, விரல் முட்டியால் என் நெஞ்சில் மெல்லத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். மனிதர்களைத் தட்டாத மனிதர்.

"என்னண்ணை, உக்கலோ?"

"கொஞ்சம் ஈரம் கிடக்கு. காஞ்சிடும். உள்ளுக்கை நல்ல மரம்."

பஸ் வந்தது. அதன் உடம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். அது கண்ணுக்கு மறையும்வரை நின்றேன். பெற்றவர்களையும் யோகத்தையும் தவிர வேறு யாரையும் நான் அவ்வளவு நேசித்ததில்லை.