ஊசி குத்திய பக்கம்

நூலகத்தில் நாற்காலிகள் காலி. அதற்குப் பின்னால் இருந்த சைக்கிள் நிறுத்தத்திலோ கால் வைக்க இடமில்லை. அறிவு எங்கே கிடைக்கும் என்று முதலாமாண்டு மாணவர்களுக்குத் தெரியாதா என்ன?

அங்கேதான் ஊசியண்ணன் உட்கார்ந்திருந்தார். மூன்றாண்டுப் படிப்பை ஆறாவது ஆண்டாக, அவசரமே இல்லாமல் படித்துக்கொண்டிருப்பவர். பாடப்புத்தகத்தை மூடி மடியில் வைப்பார். கண்ணை மூடுவார். மூன்று முறை மூச்சை இழுத்துவிட்டு, கறுப்பு நூல் கோத்த கோணி ஊசியைத் தாள்களுக்கு நடுவே செருகுவார். ஊசி நின்ற பக்கத்தின் தலைப்பைத் துண்டுச் சீட்டில் எழுதி, நான்காக மடித்துத் தருவார். தேர்வில் அந்தக் கேள்வி வந்தே தீரும். காணிக்கை, ஒரு மதியச் சாப்பாட்டு டோக்கன். அண்ணன் தம் ஊசியைப் போல மெலிந்து போகாததற்கு அதுதான் காரணம்.

"சீட்டை யார்கிட்டயும் காட்டாத. காட்டினா பலிக்காது."

"உங்க பரீட்சைக்கே ஒரு குத்து குத்திப் பாக்கலாமே அண்ணே?" என்று ஒருவன் கேட்டுவிட்டான்.

"சக்தியைச் சுயநலத்துக்குப் பயன்படுத்தக் கூடாது தம்பி."

கூட்டம் உருகிப் போயிற்று. ஆறு வருடத் தியாகம்!

முதல் தேர்வுக்கு முன் அந்த வரிசையில் பதினெட்டாவதாக நின்றவள் முதல்மார்க். பள்ளியில் அவள் வாங்கியதே விடுதியில் அவள் பெயராகிவிட்டது. பள்ளியில் டீச்சர் முக்கியமான கேள்விகளுக்குப் பென்சிலால் டிக் அடித்துத் தருவார்; இவள் கால்புள்ளி பிசகாமல் ஒப்பிப்பாள். இங்கே பொருளியல் பேராசிரியை எழுநூறு பக்கப் புத்தகத்தைக் காட்டி, "படிச்சுட்டு வாங்க, பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். டிக் எங்கே? ஒவ்வொரு பக்கமாகத் தேடினாள். கரையில்லாத கடலைத் தட்டில் வைத்துக் குடிக்கச் சொன்னது போலிருந்தது.

அண்ணன் தந்த சீட்டில் 'உற்பத்திச் செலவு' என்றிருந்தது. அதை மட்டும் நெட்டுருப் போட்டாள். அது வரவில்லை. ஐம்பதுக்குப் பதினொன்று. அடுத்த தேர்வில் இருபதைத் தொடாவிட்டால் ஆண்டுத் தேர்வு எழுத விடமாட்டார்கள். ஒரு வருடம் போச்சு. பேருந்து ஓட்டும் அப்பா போனில் கேட்டபோதெல்லாம், "நல்லாப் போகுதுப்பா" என்றாள். அவர் ஒவ்வொரு முறையும் அதைப் பக்கத்தில் இருந்த கண்டக்டரிடம் உரக்கச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீ சீட்டைக் காட்டியிருப்ப" என்றார் அண்ணன்.

அறைத்தோழி பக்கத்தில் இருக்கும்போது பிரித்தது ஞாபகம் வந்தது. அப்படியானால் ஊசி மேல் தப்பில்லை. ஊசி ஏன் தப்பு செய்யப்போகிறது?

அறைத்தோழி கணிதம் படிப்பவள். விடுதியில் அவளுக்குச் சந்தேகம் என்று பெயர்.

"காட்டினா யாருக்குடி பலிக்காது?"

"எனக்குத்தான்."

"அவருக்குன்னு எனக்குத் தோணுது."

"வாயைக் கழுவு!"

"சரி, புதுச் சீட்டைக் காட்ட வேண்டாம். எல்லார்கிட்டயும் பழசைக் கேட்டு வாங்கு. அந்தப் பரீட்சைதான் முடிஞ்சு போச்சே. அது இனிமே பலிச்சா என்ன, பலிக்காட்டி என்ன?"

பதினொன்று வாங்கியவள் முதலில் தன் சீட்டைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் முதல்மார்க் வகுப்பில் கையேந்தினாள். ஐம்பத்தாறு பேரில் நாற்பத்தொரு பேரின் பழைய சீட்டுகள் கிடைத்தன. கூட்டத்தைச் சமாளிக்க அண்ணன் ஒவ்வொன்றின் மூலையிலும் வரிசை எண் போட்டிருந்தார். பெரிய நிர்வாகி. இருவரும் கட்டிலில் எண்படி அடுக்கினார்கள். ஒன்று, தேவை. இரண்டு, அளிப்பு. மூன்று, விலை நெகிழ்ச்சி. நான்கு, உற்பத்திச் செலவு. பதினான்கில் முதல் தேர்வுக்கான பாடம் தீர்ந்தது. பதினைந்தில் மறுபடியும் தேவை.

முதல்மார்க் புத்தகத்தைத் திறந்தாள். பொருளடக்கம், வரி பிசகாமல், கட்டிலில் கிடந்தது.

"பதினாலு தலைப்பு, தலைப்புக்கு நாலு பேர், கேள்வி அஞ்சு" என்றாள் சந்தேகம். "அம்பத்தாறுல இருபது பேருக்குப் பலிக்கும். அந்த இருபதும் ஊரெல்லாம் தமுக்கடிக்கும். மிச்ச முப்பத்தாறும் உன்னை மாதிரி, நாமதான் பாவின்னு வாயைப் பொத்திக்கும்."

முதல்மார்க்குக்கு அழுகை வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

இரண்டாம் தேர்வுக்கான வரிசை கூடியது. முன்னால் நின்ற ஐந்து பேருக்கும் அவள் ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தாள், நான்காக மடித்து.

"அண்ணன் சீட்டு வாங்கினதும் இதையும் பிரிச்சுப் பாரு. யாருக்கும் காட்ட வேண்டாம். நீ பாத்தா போதும்."

அண்ணன் மூச்சிழுத்தார், குத்தினார், எழுதினார். முதல் ஆள் இரண்டையும் பிரித்தான். 'ஏகபோகம்'. 'ஏகபோகம்'. வாயைப் பிளந்தான். இரண்டாமவள், 'கூலி', 'கூலி'. மூன்றாமவன் பயந்து ஒதுங்கிவிட்டான். ஐந்தாமவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னய்யா நடக்குது?" என்றார் அண்ணன், ஒரு கண்ணைத் திறந்து.

"ஆறாவது ஆளுக்கு நாணயக் கொள்கை" என்று முதல்மார்க் உரக்கச் சொன்னாள். "பொருளடக்கத்துல அதான் அடுத்தது. ஊசி எங்கயும் குத்தல அண்ணே. நீங்க வரிசையா எழுதிட்டு வர்றீங்க. அவ்வளவுதான்."

"நம்பிக்கை இல்லாத இடத்துல ஊசி நிக்காது!" அண்ணன் எழுந்தார்.

"அண்ணே," என்றான் ஐந்தாமவன், "பொருளடக்கத்தைத் தாண்டி ரெண்டு பக்கம் போயிருந்தா நீங்க எப்பவோ பாஸ் ஆயிருப்பீங்களே!"

அன்று மதியம் அண்ணன் சொந்த டோக்கனில் சாப்பிட்டதாகக் கேள்வி.

முதல்மார்க் தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சந்தேகத்துக்கு விளக்கினாள். பொருளியலின் வாசனையே அறியாத அவள், வாக்கியத்துக்கு வாக்கியம் "ஏன்?" என்றாள். பதில் தெரியாத இடத்தில் முதல்மார்க் திரும்பப் படித்தாள். மனப்பாடம் "ஏன்"-க்கு முன்னால் நிற்கவே இல்லை. தேர்வில் இருபத்தேழு வந்தது. அப்பாவிடம் முதலில் பதினொன்றைச் சொன்னாள், பிறகு இருபத்தேழை. கண்டக்டரிடம் அவர் இரண்டையுமே சொன்னார்.

மறுநாள் காலை விடுதி வாசலில் ஒரு வரிசை. முன்னால் நின்றவன் கையில் சாப்பாட்டு டோக்கன்.

"நீ அஞ்சு பேருக்கு எழுதிக் கொடுத்தது அப்படியே பலிச்சுதாமே! ஆண்டுப் பரீட்சைக்கு என்ன வரும்னு சொல்லேன்."

முதல்மார்க் டோக்கனை வாங்கிக்கொண்டாள். சீட்டெடுத்து எழுதி, நான்காக மடித்துக் கொடுத்தாள்.

"யாருக்கு வேணும்னாலும் காட்டு."

பிரித்தான். 'ஏன்?' என்ற ஒரே சொல்.

"இதுக்கு விடை எந்தப் பக்கத்துல இருக்கு?"

"புத்தகத்துல தேடாத," என்றாள் டோக்கனைத் திருப்பிக் கொடுத்து. "கழுத்துக்கு மேல தேடு."