பெயர்ப்பலகையில் ஏறிய லார்ட்

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் மாவு ஒட்டிய கையோடு எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை, அடுப்பு மூவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

முந்தாநாள் அவள் போனில் அழுததைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை விசாரிப்பதாகச் சொன்னீர்களாம். வேண்டாம் மச்சான், விஷயம் முடிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். கடைக்குப் புதுப் பலகை மாட்டும்போது கம்பீரமாக இருக்கட்டுமே என்று, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ‘லார்ட் பேக்கரி’ என்று எழுதச் சொல்லிவிட்டேன். “யாரு லார்டு, நீங்களா? அப்ப நான் யாரு, வேலைக்காரியா?” என்று கேட்டவள்தான், அதோடு மூன்று நாள் பேச்சில்லை. உப்பு எங்கே என்றால் டப்பாவை ‘ணங்’கென்று வைத்துவிட்டுப் போவாள்.

நேற்றுக் காலை அகராதி சார் வந்தார். அகராதி தொகுக்கும் ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவர். தினமும் அரை ரொட்டி வாங்குவார். பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“அர்த்தம் தெரிஞ்சுதான் வச்சீங்களா?”

“பெரிய மனுஷன்னு அர்த்தம் சார்.”

“அது பின்னாடி வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, பழைய இங்கிலீஷ்ல அது ரெண்டு வார்த்தை. ரொட்டி, காவல்காரன். வீட்டு ரொட்டிக்குக் காவல் இருக்கிறவன்தான் தலைவன். சொல்லிச் சொல்லித் தேஞ்சு லார்டு ஆயிடுச்சு.”

எனக்குப் புல்லரித்துவிட்டது மச்சான். இருபத்திரண்டு வருஷமாக ரொட்டி சுடுகிறேன், இப்படி ஒரு பெருமை அதற்குள் இருப்பது தெரியாமல். பட்டும் பதக்கமுமாக நிற்கிற பிரபுக்களின் பட்டமெல்லாம் ஒரு ரொட்டியிலிருந்து புறப்பட்டதா! தட்டில் ஆவி பறந்த ரொட்டிகளைத் தொடவே கை கூசியது. வேலையாளுக்கு அந்தக் காலத்தில் ‘ரொட்டி தின்பவன்’ என்று பெயராம். போன தடவை நீங்கள் பத்து நாள் தங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்போதுதான் கல்லாவிலிருந்து அவள் குரல் வந்தது. “லேடின்னா என்ன சார்?”

“அதுவும் ரொட்டிதாம்மா. மாவு பிசையிறவ.”

“இங்க மாவு பிசையிறது யாரு சார்?”

முழங்கை வரை மாவாக இருந்த என் கைகளைப் பார்த்தார். ஒரு துண்டு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் உங்கள் தங்கையைப் பார்த்தார். அரை ரொட்டியோடு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

அவள் சிரித்தாள் மச்சான், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். “பலகை அப்படியே இருக்கட்டும், அதுல சொல்றது என்னைத்தானே” என்றாள். நானும் லேடியாக இருக்கச் சம்மதித்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை, நெஞ்சு நிறைந்துதான் சம்மதித்தேன்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டு அடுப்பு என்றும் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை படித்துவிட்டாள். “ரெண்டு பட்டத்துல பிசையிறதுதான் உசத்தி” என்று என்னைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு மாவில் கையை வைத்துவிட்டாள். அவள் பிசைந்த முதல் ரொட்டி இப்போதுதான் வெந்து வந்தது. என்னுடையதைவிட மெத்தென்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து வந்து அவளை விசாரியுங்கள்.