பொரிப் பொட்டலமும் ஒரு தோட்டாவும்

திரும்பத் திரும்ப எண்ணியும் ஒரு தோட்டா குறைந்தது. வெயிலுமுத்து தோட்டாப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

கோவில்பட்டியில் அந்த வங்கிக் கிளைக்கு அவர்தான் காவலாளி. இரட்டைக் குழல் துப்பாக்கியும் தோட்டாக்களும் அவர் பொறுப்பு. இந்த விஷயத்தில் தன்னைப்போல் கண்டிப்பான ஆள் ஜில்லாவிலேயே கிடையாது என்பது அவர் எண்ணம். வருஷம் ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து சோதிக்க வருவார்கள். பழைய தோட்டாக்களைச் சுட்டுப் பழக எடுத்துக்கொண்டு, புதியவற்றைக் காவலாளியின் தோட்டா பெல்ட்டுக்கு மாற்றுவார்கள். ஒன்று தொலைந்தாலும் வேலை போய்விடும், போலீஸ் வேறு வரும். இந்த வருஷத்து அதிகாரி, ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாளாகப் பார்த்து வருகிறார். கிளையில் பூஜையும் இன்றுதான்.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பித்தளை அடியில் களிம்பு ஏறியிருக்கிறதா, எதுவும் உப்பியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தயாரித்த தேதி பெட்டியில்தான் இருக்கும், தோட்டாவில் இராது. அதனால் பழசுக்கெல்லாம் குங்குமத்தால் அடையாளம் வைத்தார். துப்பாக்கியை மடக்கித் திறந்து காலி என்று பார்த்து, திறந்தபடியே பூஜை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

திரும்பி வருவதற்குள், பெருக்கித் துடைக்கும் சொர்ணத்தாய் மேஜையை ஜோடித்து முடித்திருந்தாள். பணம் எண்ணும் மெஷினில் ஒரு பத்து ரூபாய் நோட்டு, பேனா டப்பாவில் மஞ்சள் கிழங்கு, குடம் தளும்பத் தண்ணீர். அத்தனை தோட்டாவிலும் குங்குமம்.

"ஏத்தா, என்ன காரியம் செஞ்ச!"

"நீங்க பாதிக்கு வச்சிட்டுப் போயிட்டிய அண்ணாச்சி. மிச்சத்துக்கு யாரு வைக்க?"

பூஜை முடிந்ததும் ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்தார். பொட்டோடு பழசு புதுசு வித்தியாசமும் போயிற்று. பிறகு எண்ணினார். ஒன்றைக் காணோம்!

மேஜையை ஒட்டிப் பொரி மூட்டை. அதற்குள்தான் உருண்டிருக்க வேண்டும். துப்பாக்கியை எடுத்துக் குழல் முனையால் மூட்டையைக் கிளறினார். பொரிதான் சிந்தியது. வாடிக்கையாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த பொட்டலத்தில் போயிருந்தால்? எந்த வீட்டுப் பிள்ளை கையில் இருக்கிறதோ! உண்மையைச் சொல்லவும் பயம்.

வாசலில் போய் நின்று கத்தினார். "பொரி நமத்துப் போச்சு! பொட்டலத்தப் பிரிக்காமத் திருப்பித் தாங்க, கடலைமிட்டாய் தாரேன்!"

கொஞ்ச நேரத்தில் வங்கி வாசலில் திருவிழாக் கூட்டம். பாதிப் பேர் கையில் இருந்தது கடையில் வாங்கிய பொரி.

"ஏலே, பொரியக் குடுத்தா பேங்குல கடலைமிட்டாய் தாராவளாம்லா!"

துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து அவர் கூட்டத்தைத் தள்ளினார். மேனேஜர் ரேணுகாதேவி எட்டிப் பார்க்க, குழல் நேரே அவர் நெஞ்சுக்குத் திரும்பியது.

"அண்ணாச்சி! என்ன நடக்குது இங்கன?"

"பயப்படாதீங்க மேடம், வெறும் துப்பாக்கிதான்."

அந்த நெரிசலில் சட்டை கசங்க வந்து சேர்ந்தார் அதிகாரி சுடலைக்குமார். கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து போன மாதம்தான் பாதுகாப்புப் பிரிவுக்கு மாறியவர்.

"முதல்ல துப்பாக்கியக் குடுங்க, தோட்டாவ அப்புறம் எண்ணிக்கிடுதேன்" என்றவர், குழல் முனையில் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்தார். "ஒரே இருட்டா இருக்கே. விசை வேலை செய்யுதா?" கட்டைவிரல் விசையைத் தேடிப் போனது.

எண்ணப்போகிறேன் என்றதுமே வெயிலுமுத்து உடைந்துபோனார். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"சத்தியமா நான் எடுக்கல சார்! ஒரு தோட்டா எங்க போச்சுன்னே தெரியல!"

அதிகாரிக்குக் காபி கொண்டுவந்த சொர்ணத்தாய் அப்படியே நின்றாள்.

"இதுக்கா அண்ணாச்சி இம்புட்டு அழுகை? நாந்தான துப்பாக்கிக்குள்ள போட்டு மூடினேன். சாமி முன்னால எதையும் வெறுமையா வைக்கலாமா? அதுவும் நல்ல புதுசாப் பாத்துல்லா போட்டிருக்கேன்!"