மார்க்கெட்டை நகர்த்தியது யார்?

"மார்க்கெட்டை யாரு நகர்த்தினது?"

வாயில் பிரஷ்ஷோடு சமையலறை வாசலில் நின்று கண்டக்டர் போட்ட சத்தத்தில், ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மச்சான் மட்டும் அசையவில்லை. அவனை எழுப்ப அலாரம் போதாது, பூகம்பம் வந்தால் பார்க்கலாம்.

மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். "எந்த மார்க்கெட்?"

"ஃப்ரிட்ஜ்! நம்ம ஃப்ரிட்ஜ் எங்க?"

"அதுவா? வாசக்கதவு பக்கத்துல இருக்கு. நேத்து நீங்க டூட்டிக்குப் போனப்புறம் சமையலறை ப்ளக் பாயின்ட் புகைஞ்சு போச்சு. நானும் தம்பியுமா தள்ளிக்கிட்டுப் போய் அங்க வச்சோம். அங்கதான் இன்னொரு பாயின்ட் இருக்கு."

நேற்று வீடு திரும்பியபோது வாசலில் ஏதோ நெற்றியில் இடித்தது கண்டக்டருக்கு நினைவு வந்தது. மச்சான்தான் நிற்கிறான் என்று நினைத்து, "நகர்ந்து நில்லுடா" என்று அதட்டிவிட்டுப் போய்ப் படுத்திருந்தார்.

"போச்சு! எல்லாம் போச்சு! சனிக்கிழமை பரீட்சையை வச்சுக்கிட்டு இப்பப் போய் மார்க்கெட்டைத் தூக்கி டெப்போ வாசல்ல வச்சிருக்கியே!"

அவர் புலம்பலிலும் நியாயம் இருந்தது. பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. புது ரூட்டின் ஸ்டாப்புகளைப் புத்தகம் பார்க்காமல் வரிசையாகச் சொல்பவருக்குத்தான் அந்த வேலை. ஏற்கெனவே இரண்டு தடவை அவர் போய்ச் சொல்லிப் பார்த்துக் கோட்டை விட்டிருந்தார். ஓடிப் பழகிய ரூட் என்றால் தூக்கத்தில்கூடச் சொல்வார். புதுசாக எதையாவது மனப்பாடம் செய்யச் சொன்னால் அவர் மூளை வலப்பக்கம் வாங்கி இடப்பக்கம் விட்டுவிடும்.

இந்தத் தடவை வம்பே வேறு. அதே டெப்போவில் கண்டக்டராக இருக்கும் மச்சானும் மனு போட்டிருந்தான். அவனுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டால், நாளைக்கு மாமாவின் பஸ்ஸிலேயே ஏறி, "டிக்கெட் மெஷினைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கையை நீட்டுவான். சாயங்காலம் அதே கையால் மாமா வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடவும் செய்வான்.

இந்த நிலையில்தான் மேனேஜர் டெப்போவுக்கு ஒரு ஞாபகசக்திப் பயிற்சியாளரை வரவழைத்தார். கோட்டு போட்ட பயிற்சியாளர், ஆளில்லாத பஸ்ஸின் படிக்கட்டில் நின்றுகொண்டு பேசினார்.

"உங்கள் வீடுதான் உங்கள் மூளை! வாசல் வழியாக உள்ளே போங்கள். ஒவ்வொரு பொருளிலும் ஒரு ஸ்டாப்பை வையுங்கள். வாசக்கதவு டெப்போ. வீட்டுப் பெரியவர் உட்காரும் நாற்காலி கோர்ட். படுத்துக் கிடக்கும் சோபா ஆஸ்பத்திரி. சமையலறை ஃப்ரிட்ஜ் மார்க்கெட். குளியலறை தண்ணீர்த் தொட்டி. படுக்கையறைக் கட்டில் கல்லறை. ஆயுசுக்கும் மறக்காது!"

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் சிலிர்த்துப் போனார். அன்றைக்கே தன் ரூட் புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, "இனிமே எனக்கும் என் வீடுதான் புத்தகம்" என்று அறிவித்தார். கண்டக்டரும் அப்படியே செய்தார். மச்சான் அந்த வகுப்புக்கே வரவில்லை. தூங்கிவிட்டான்.

கண்டக்டர் தினமும் வாசலில் ஆரம்பித்துக் கட்டில் வரை நடந்து பாடம் படித்தார். தன் நாற்காலியைத் தொட்டு மாப்பிள்ளை "கோர்ட்" என்றபோது மாமியாருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மனைவிக்குத்தான் கட்டிலைக் கல்லறை என்று சொன்னது பிடிக்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த ரூட்டில்தான் இப்போது மார்க்கெட் இடம் மாறியிருந்தது.

"திரும்ப உள்ளே தள்ளு" என்றார் கண்டக்டர்.

"தள்ளலாம். கரண்ட்டுக்கு எங்க போறது?"

"ஹால்லேருந்து வயர் இழுத்துக்கலாம்."

வயரை இழுத்தார். ஃப்ரிட்ஜை மூச்சு முட்டத் தள்ளிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் நிறுத்தினார். சுவிட்சைப் போட்டதும் ஹாலில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. வீடு முழுக்க கரண்ட் போனது. பாதி குளித்த நிலையில் வெந்நீர் நின்றுபோய் உள்ளேயிருந்து மாமியார் கத்தினார். "யாரு வேலை இது?"

வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன் உதட்டைப் பிதுக்கினார். "சுவரை உடைச்சு வயரை மாத்தணும் சார். அடுத்த வாரம்தான் முடியும். அது வரைக்கும் ஃப்ரிட்ஜை வாசல்ல வச்சாத்தான் வீட்ல வெளிச்சம் இருக்கும்."

மார்க்கெட் மறுபடி டெப்போவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். கோர்ட்டும் ஆஸ்பத்திரியும் மார்க்கெட்டுக்கு முன்னால் வர வேண்டும். மார்க்கெட்டோ வாசலிலேயே நிற்கிறது. அப்படியானால் கோர்ட்டையும் ஆஸ்பத்திரியையும் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டால் வரிசை சரியாகிவிடுமே!

"அத்தை, கொஞ்ச நாளைக்கு மாடிப்படிக்குப் பக்கத்துல உக்காருங்களேன். நல்லாக் காத்து வரும்."

"வீட்டை விட்டுத் துரத்தறீங்களா மாப்ளே?"

"துரத்தல அத்தை. கோர்ட்டை மாத்தறேன்."

மாமியார் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். சரி, கோர்ட்டுடன் மோத வேண்டாம் என்று சோபாவிடம் போனார் கண்டக்டர். மச்சான் அதில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினால் காரணம் கேட்பான், காரணம் சொன்னால் சிரிப்பான். அதனால் அவனோடு சேர்த்தே சோபாவைத் தள்ளினார்.

சோபா பாதி வெளியே போய், வாசல் நிலையில் சிக்கிக்கொண்டு நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மச்சானின் கால்கள் வெளியே, தலை வீட்டுக்குள்ளே. காய்கறிப் பையோடு படியேறி வந்த மேல்வீட்டுக்காரர் அந்தக் கால்களைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயய்யோ! எப்ப நடந்தது?"

"இன்னும் ஒண்ணும் நடக்கல சார். தூங்கறான்" என்றார் கண்டக்டர்.

"வாசல்ல கால் நீட்டிப் படுக்க வச்சிருந்தா வேற என்னன்னு நினைக்கறது?"

இந்தப் பேச்சில் மச்சான் கண் விழித்தான். கால்மாட்டில் தெரிந்தது யாரோ வீட்டு மாடிப்படி. "அக்கா, நான் எந்த வீட்ல இருக்கேன்?" என்று ஓலமிட்டான்.

"அரை வீட்லதான்டா இருக்கே" என்றாள் அக்கா. "இந்த மனுஷன் ஆஸ்பத்திரியை எங்கேயோ கொண்டுபோறேன்னு கிளம்பியிருக்கார். உதவிக்கு யாரையாவது கூப்பிடு."

மேல்வீட்டுக்காரர் வெளியிலிருந்து தள்ள, மச்சானும் கண்டக்டரும் உள்ளிருந்து இழுக்க, சோபா ஒரு கைப்பிடியை வாசலிலேயே விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் கண்டக்டருக்கு டூட்டி நேரம் தாண்டிவிட்டது.

அரக்கப் பரக்க ஓடி பஸ் ஏறினார். கை டிக்கெட் கிழித்தாலும் மனசு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்ததும் பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிட்டு, "சோபா! சோபா இறங்கறவங்கல்லாம் முன்னால வாங்க!" என்று கூவினார்.

யாரும் இறங்கவில்லை. கையில் கட்டுப் போட்ட ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி, "எனக்கு சோபால்லாம் வேண்டாம்ங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா போதும், பெஞ்சுல உக்காந்துக்கறேன்" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. சேதி பரவி, அன்று முழுக்க ஏறியவர்களெல்லாம், "ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணு கொடுங்க", "கட்டிலுக்கு ரெண்டு, ஒண்ணு அரை டிக்கெட்" என்று கேட்டு அவர் மானத்தை வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சியாளருக்கு போன் போட்டார்.

"சார், மார்க்கெட் நகர்ந்துடுச்சு."

"நகரட்டுமே! நம்பிக்கை நகரவில்லையே?" என்றார் பயிற்சியாளர். "வீட்டில் உள்ள ஃப்ரிட்ஜை விடுங்கள். மனதில் உள்ள ஃப்ரிட்ஜை மனதாலேயே தள்ளுங்கள். பாசிட்டிவாகத் தள்ளுங்கள்!"

கண்டக்டர் ஹால் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு கையாலும் காற்றைத் தள்ள ஆரம்பித்தார். நெற்றியில் வியர்வை பொடித்தது. பல்லைக் கடித்தார்.

"மாப்ளைக்கு என்னடி ஆச்சு?" என்று மாமியார் மெதுவாகக் கேட்டார்.

"மார்க்கெட்டைத் தள்றார்மா."

"நாமளும் ஒரு கை கொடுக்கணுமா?"

"அது அவர் மனசுக்குள்ள இருக்காம். நாம போக முடியாது."

எத்தனை தள்ளியும் மனதில் இருந்த ஃப்ரிட்ஜ் இம்மி நகரவில்லை. தள்ளத் தள்ள வாசக்கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை விடிந்தபோது ஃப்ரிட்ஜைத் தவிர வேறு எதுவுமே அவர் மனதில் இல்லை. கிளம்பும்போது மனைவி அருகில் வந்து, "போனாப் போகுதுங்க, வேலை கிடைக்கலன்னா என்ன? நீங்க இப்படிக் கஷ்டப்படறதைப் பாக்க முடியல" என்றாள். அதைக் கேட்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

டெப்போ வராந்தாவில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் தொங்கிய முகத்தோடுதான் வெளியே வந்தார்கள். மச்சான் சீட்டி அடித்தபடி உள்ளே போனான். திரும்பி வந்தபோது சீட்டியைக் காணோம்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் புரியல மாமா. நேத்து அந்தப் புது ரூட் பஸ்ல ஒரு தடவை போய்ட்டு வந்தேன். அதையே அப்படியே ஒப்பிச்சேன். டெப்போ, கோர்ட், ஆஸ்பத்திரி, மார்க்கெட், தண்ணித்தொட்டி, கல்லறை. சரிதானே?"

"சரிதான்."

"ரெண்டாவது ஸ்டாப் சொன்னதுமே 'தப்பு'ன்னுட்டார் மேனேஜர். கெஞ்சிப் பாத்தேன். 'எனக்கே பாடம் எடுக்கறியா'ன்னு கத்தறார்."

சரியாகச் சொன்னவனுக்கே இந்தக் கதி! கண்டக்டர் உள்ளே போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மேஜையில் புத்தகம், காகிதம் எதுவும் இல்லை. மேனேஜர் கண்களை மூடிக்கொண்டு, "புது ரூட். சொல்லுங்க" என்றார்.

கண்டக்டரும் கண்ணை மூடினார். வாசக்கதவு தெரிந்தது. "டெப்போ" என்றார். உள்ளே ஓரடி வைத்தார். கோர்ட், கோர்ட் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டார். ஆனால் எதிரே மலை மாதிரி ஃப்ரிட்ஜ் நின்றது. வாய் தானாகத் திறந்தது.

"மார்க்கெட்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தொலைந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று மடமடவென்று கொட்டினார். "கோர்ட். ஆஸ்பத்திரி. தண்ணித்தொட்டி. கல்லறை."

மெல்ல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மேனேஜர் மூடிய கண்ணோடு, புன்னகையோடு, நிதானமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சபாஷ்!" என்று எழுந்து கையைக் குலுக்கினார். "காலையிலேருந்து இத்தனை பேர் வந்தாங்க. எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே தப்பைச் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் சரியாச் சொன்னீங்க. வேலை உங்களுக்குத்தான் இன்ஸ்பெக்டர் சார்!"

கண்டக்டர் வெளியே வந்தபோது கால் தரையில் இல்லை. உடனே மனைவிக்கு போன் போட்டார். "கிடைச்சிடுச்சும்மா! ரூட்டையே யாருக்கும் தெரியாம மாத்தியிருக்காங்க போல. என் உள்மனசுக்கு மட்டும் எப்படியோ தெரிஞ்சிருக்கு பாரு! அந்தப் பயிற்சியாளர் சாதாரண ஆளில்ல!"

பெஞ்சில் குந்தியிருந்த மச்சானைத் தட்டிக்கொடுத்தார். "மனப்பாடம் மட்டும் பண்ணினா பத்தாது மச்சான். பாசிட்டிவா இருக்கணும். நாளைக்கு உன் பஸ்லதான் முதல் செக்கிங். மெஷினை ரெடியா வச்சுக்க."

மச்சான் பெஞ்சிலேயே காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போது ஆபீஸ் பியூன் டீத் தட்டை ஏந்திக்கொண்டு வராந்தாவில் வந்தார். ஒரு கை தட்டைப் பிடித்திருந்தது, மறு கை இடுப்பைப் பிடித்திருந்தது. சந்தோஷத்தில் இருந்த புது இன்ஸ்பெக்டருக்கு எல்லோர் மேலும் அன்பு பொங்கியது.

"என்னண்ணே, இடுப்புல வலியா?"

"அதை ஏன் கேக்கறீங்க" என்றார் பியூன். "போன ஞாயித்துக்கிழமை மேனேஜர் வீட்டுக்குக் கூப்பிட்டாங்கன்னு போனேன், சமையலறையில இருந்த ஃப்ரிட்ஜை நான் ஒருத்தனே தூக்கி வாசக்கதவு பக்கத்துல வச்சுட்டு வந்தேன்."