பூஜையில் வைத்ததைத் தொடாத கரடி

ஒரு காட்டில், எல்லையிலேயே ‘முதலீட்டுக்கு உகந்த காடு’ என்று பெரிய பலகை வைத்திருந்த ஒரு காட்டில், ஒரு நாரை வண்டித் தொழிற்சாலை நடத்தி வந்தது. ஏரிக்கரையை அதற்கு இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். ஏரியையும் கொடுத்திருந்தார்கள். மீன்களிடம் யாரும் கேட்கவில்லை.

அங்கே சக்கரம் மாட்டும் பிரிவில் ஒரு கரடி வேலை பார்த்தது. பல மழைக்காலங்களாக அது தற்காலிகத் தொழிலாளி. அதற்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. நிரந்தரமாக வேண்டும். நிரந்தரமானவர்களுக்கு நீலச் சட்டை, தற்காலிகத்துக்குக் காக்கி. நீலச் சட்டை போட்டால் கேன்டீனில் இரண்டாவது முறை குழம்பு கேட்கலாம்.

“ஆயுத பூஜை முடியட்டும்பா, உனக்கு நீலச் சட்டைதான்” என்றது நாரை. போன வருடமும் இதைத்தான் சொன்னது. ஆனால் இந்த வருடம் சொல்லும்போது தோளில் சிறகை வைத்தது.

பூஜைக்கு முந்தைய நாள் நாரை எல்லோரையும் கூப்பிட்டது.

“வருஷா வருஷம் மிஷினை மேலாப்புல துடைச்சுப் பொட்டு வைக்கிறோம். உள்ள இருக்கிற அழுக்கு அப்படியே இருக்கு. சாமிக்குத் தெரியாதா? இந்தத் தடவை ஒவ்வொரு மிஷினையும் கழட்டி, பாகம் பாகமா துடைச்சு, சாக்குல சுத்தி வரிசையா வைங்க.”

தொழிலாளர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பக்தியுள்ள முதலாளி எந்தக் காட்டுக்குக் கிடைப்பார்?

கரடி கூடுதல் நேரம் நின்று, மற்றவர்கள் கழற்ற மறந்த திருகுகளையும் கழற்றியது. எந்தப் பாகம் எதோடு சேரும் என்று சாக்கின் மேல் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியும் வைத்தது. கேட்காமலே செய்தது. நீலச் சட்டை போடப்போகிறவன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அது நினைத்தது.

மறுநாள் வாழைக்கன்று கட்டினார்கள். சந்தனம், குங்குமம், மாவிலைத் தோரணம். பூசணிக்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் எல்லோர் கையிலும் பொரியும் கடலையும் வந்தது. இனி மறுநாள் காலைவரை எந்தக் கருவியையும் யாரும் தொடக் கூடாது. அது அந்தக் காட்டின் வழக்கம்.

மதியம் கூட்டமாகக் கூழைக்கடாப் பறவைகள் வந்திறங்கின. கடலுக்கு அக்கரையில் இருக்கும் காட்டிலிருந்து வந்தவை. ஆளுக்கொரு சாக்கை அலகுப் பையில் போட்டுக்கொண்டு மேலே எழும்பின.

“அண்ணே, தூக்கிட்டுப் போறாங்கண்ணே!” என்று கத்தியது பெயிண்ட் பிரிவில் வேலை செய்த கீரி. “ஒரு கை குடுத்தா இழுத்துப் போட்டுறலாம்!”

“பூஜையில வச்சதும்மா, எப்படித் தொடுறது?” என்றது கரடி. “காலையில மறுபூஜை முடியட்டும். கேட்டுக்கலாம்.”

“காலையில யாரைண்ணே கேப்பீங்க? செவுத்தையா?”

கரடி நாரையிடம் போய் மரியாதையாகவே கேட்டது. “முதலாளி, இன்னைக்குத் தொடக் கூடாதில்லையா?”

“நானா தொடுறேன்? அதுங்கதானே தொடுது. அதுங்க வேற காட்டுப் பறவைப்பா, அதுங்களுக்கு இந்த வழக்கம் கிடையாது. அடுத்தவங்க பழக்கத்தை நாம மதிக்கணும்ல?”

மதித்தார்கள். கடைசிச் சாக்கு போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு மதித்தார்கள். அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் தொட்டிருப்பேனா என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். கையில் பொரி இருந்திருக்கும் என்பதை மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

நாரையும் பறந்து போனது. காட்டின் சபை கூடியது.

“நாரை பறக்கக் கற்றுக்கொண்டதே முந்தைய ஆட்சியில்தான்!” என்று கர்ஜித்தது அரசாளும் சிங்கம்.

“எங்கள் ஆட்சியில் அது நடந்துதான் போனது! உங்கள் ஆட்சியில்தான் பறந்தது!” என்று சீறியது எதிர்க்கட்சிச் சிறுத்தை.

வேலை எங்கே போனது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. யார் காலத்தில் போனது என்பதில்தான் சந்தேகம். சாட்சிக்குக் கரடியைச் சபைக்கு அழைத்து வந்தார்கள். “இந்தத் தொழிலாளியின் கண்ணீரைப் பாருங்கள்!” என்றது சிறுத்தை. கரடி அழவில்லை. “அழுய்யா, எல்லாரும் பாக்குறாங்க” என்று சிறுத்தை அதைக் கீழ்க்குரலில் கடிந்துகொண்டது. சபை கலைந்ததும் சிங்கமும் சிறுத்தையும் தத்தம் வண்டியில் ஏறிப் போயின. இரண்டும் அக்கரையில் செய்த வண்டிகள். நல்ல வண்டிகள். சக்கரம் கொஞ்சம்கூட ஆடவில்லை. சுண்ணாம்புக் குறிப்பு உதவியிருக்கிறது.

காடே ஏங்குகிறது என்று தெரிந்ததும் நாரை மனமிரங்கியது. இன்னொரு ஏரி கேட்டது, கொடுத்தார்கள். நீலச் சட்டையே கூடாது என்றது, அதுவும் சரி. வரவேற்பு வளைவில் சிங்கத்தின் படமும் சிறுத்தையின் படமும் முதல்முறையாக அருகருகே இருந்தன.

புதிய தொழிற்சாலை ஒரு கொட்டகை. அக்கரையிலிருந்து முழு வண்டி பெட்டியில் வரும். இங்கே சக்கரம் மட்டும் மாட்டி, ‘நம் காட்டுத் தயாரிப்பு’ என்று ஒட்டுவார்கள். கரடிக்கு வேலை கிடைத்தது. பழைய அனுபவம் பழைய கம்பெனியோடு போயிற்றாம். முதலிலிருந்து தற்காலிகம். கீரிக்கு வேலை இல்லை. வண்டி பெயிண்ட் அடித்தே வந்தது.

ஆயுத பூஜை வந்தது. “ஸ்பேனர் எல்லாத்தையும் துடைச்சு, சாக்குல கட்டி வைங்கப்பா” என்றது நாரை.

எல்லோரும் வைத்தார்கள். கரடி வைக்கவில்லை. ஸ்பேனரை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது.

“என்னப்பா இது, சாமி காரியம்!”

“சாமி கும்பிடுறேன் முதலாளி. கையில வச்சே கும்பிடுறேன்.”

“தொடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். போன தடவை தொடாம இருந்து பாத்துட்டேன்.”

நாரை நெஞ்சில் சிறகை வைத்துக்கொண்டது. காட்டின் வழக்கம் இப்படி மிதிக்கப்படுவதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றது. தொழிலாளர் ஒழுக்கம் இல்லாத இடத்தில் எப்படித் தொழில் செய்வது என்று கேட்டுவிட்டு, அன்று மதியமே மூன்றாவதாக ஒரு காட்டுக்குப் பறந்தது. அந்தக் காட்டோடு அது ஏற்கெனவே பேசி முடித்திருந்தது என்பதை விசாரிக்க யாருக்கும் நேரமில்லை.

சபை கூடியது. இந்த முறை விவாதமே இல்லை. தொழிற்சாலையை விரட்டியது கரடிதான் என்று சிங்கம் சொன்னது. சிறுத்தை வழிமொழிந்தது. கரடி அப்போதும் ஸ்பேனரை விடவில்லை. நிறுவனச் சொத்தைத் திருடியதாகவும் குற்றச்சாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

நீதி: போனவனைத் திட்டாதே, அவன் திரும்பி வரக்கூடும். இருப்பவனைத் திட்டு, அவன் எங்கே போய்விடப் போகிறான்?