நாற்பதாவது அடி

எங்கள் நிலத்தை நானே அளப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தீர்மானித்தேன். பல் துலக்கிக்கொண்டே எடுத்த தீர்மானம். என் வாழ்க்கையின் பெரிய தீர்மானங்கள் எல்லாமே வாயில் நுரையோடு எடுத்தவைதான். அந்த நேரத்தில்தான் மனைவி குறுக்குக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லாமல் தப்பிக்கலாம்.

காரணம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில் எழுப்பப் போகிறாராம். முதல் நாளே முளைக்குச்சி அடித்து வெள்ளைக் கயிறு கட்டிவிட்டார். பின்வாசலில் நின்று பார்த்தேன். கயிறு எங்கள் பக்கமாக நகர்ந்திருப்பது போலத் தெரிந்தது. நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஒரு காற்புள்ளி இடம் மாறி உட்கார்ந்தாலே எனக்குக் கண் உறுத்தும். அறுபது அடிக் கயிறு உறுத்தாதா?

வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே ஓடினேன். "டாக்டர் நம்ம நிலத்தைப் பிடுங்கறார்!"

"அவர் தொழிலே பிடுங்கறதுதானே?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள்.

"விளையாடாதே. நான் நிலத்தை அளக்கப் போறேன்."

"சர்வேயரைக் கூப்பிடுங்க."

"எதுக்கு? பத்திரத்துல தெளிவா இருக்கு. அந்தக் கோடி அளவுக்கல்லுல இருந்து இந்தப் பக்கம் நாற்பது அடி. நாற்பது வரைக்கும் எண்ணத் தெரியாதவனா நான்?"

"எண்ணத் தெரியும். எங்க நிறுத்தணும்னுதான் தெரியாது."

எனக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. கயிறு என் படிப்பறையின் சுவரை உரசிக்கொண்டு போயிற்று. தகரக் கூரை போட்ட குட்டி அறை. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. ஞாயிறு தோறும் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துப் படிப்பேன். மாலை நாலு மணிக்குத்தான் படிப்பு கலையும். அந்த அறை மனைவியின் தையல் அறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பட்டப்பகலில் விளக்குப் போட்டுத் தைக்க வேண்டியிருக்கிறது, இடித்துவிடுங்கள் என்று ஆறு வருஷமாகச் சொல்கிறாள். விளக்கைக் கண்டுபிடித்தவர் பாவம், வேறு எதற்காகக் கண்டுபிடித்தார் என்று நான் ஆறு வருஷமாகக் கேட்கிறேன்.

"முதல்ல ஒரு சங்கிலி வேணும்" என்றேன்.

தையல் இயந்திரம் நின்றது. "சங்கிலியா? எனக்கா?"

"அறுபத்தாறு அடி நீளம். இரும்புல."

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. "என் கழுத்து அவ்வளவு நீளம் இல்லைங்க."

அந்தக் காலத்தில் நிலத்தைச் சங்கிலி போட்டுத்தான் அளந்தார்கள் என்று விளக்கினேன். இரும்புக் கடைக்காரருக்கும் விளக்கினேன்.

"சங்கிலி நாய்க்கா, மாட்டுக்கா?" என்றார் அவர்.

"நிலத்துக்கு."

"நிலம் எங்க சார் ஓடிடப் போகுது?"

"ஓடுதய்யா! பல் டாக்டர் வீட்டுப் பக்கமா ஓடுது!"

பரிதாபப்பட்டு, ஒரு நீள டேப்பை இரவல் கொடுத்தார். மற்ற கருவிகளை வீட்டிலேயே தயாரித்தேன். நேர்கோடு பிடிக்க மூன்று கம்பிகள் வேண்டும். கூடத்து ஜன்னலின் திரைக்கம்பிகளை உருவினேன். தூக்குக்குண்டு வேண்டும், பீரோவின் பூட்டைக் கழற்றி நூலில் கட்டினேன். பத்து நிமிஷத்தில் எங்கள் வீடு திரையும் இல்லாமல் பூட்டும் இல்லாமல் ஊருக்கே திறந்து கிடந்தது.

முதலில் காலால் அளந்தேன். என் ஒரு எட்டு இரண்டரை அடி. பதினாறு எட்டு வைத்தால் நாற்பது. கணக்கு சரிதான். ஆனால் எதிரியின் நிலத்தை நோக்கி நடக்கும்போது மனிதனுக்குக் கால் தானாக நீளும் போலிருக்கிறது. பதினாறாவது எட்டில் டாக்டர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் முட்டிக்கொண்டேன்.

"காபி வேணுமா சார்?" என்றார் உள்ளேயிருந்து டாக்டரின் மனைவி.

"வேண்டாம்மா. அளந்துக்கிட்டிருக்கேன்."

அடுத்தது டேப். டேப்பின் வளையத்தை அளவுக்கல்லின் மேல் வைத்துப் பிடித்துக்கொள்ள மனைவியை அழைத்தேன். இரண்டு கோடிக்கும் நடுவில் ஒரு மண்மேடு, அதன்மேல் ஒரு செம்பருத்திப் புதர். கம்பிகளை நட்டேன். மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால்தான் கோடு நேர் என்று அர்த்தம். ஒரு கண்ணை மூடினேன். மறு கண்ணை மூடினேன். திரும்ப முதல் கண்ணை மூடினேன்.

"என்னங்க!" புதருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "போதும், கண்ணைத் திறங்க. அந்தம்மா அங்க துணி காயப் போடறாங்க."

கண்ணைத் திறந்து டேப்பை இழுத்தேன். நாற்பதாவது அடி, கயிற்றுக்கு இரண்டு அடி இந்தப் பக்கமே விழுந்தது. அதாவது டாக்டர் எங்களுக்கு இரண்டு அடி விட்டுக்கொடுத்திருக்கிறார்! இது எப்படி நடக்கும்? அவர் எனக்கு ஒரு பல்லைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

"டேப் மேட்டு மேல ஏறி இறங்குதுங்க. அப்போ குறைச்சலாத்தான் எட்டும். தூக்கி மட்டமாப் பிடிங்க" என்றாள்.

துணி அளக்கிறவளுக்கு இதெல்லாம் தெரிந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் டேப்பை மேட்டுக்கு மேலே மட்டமாகப் பிடித்து, பூட்டைத் தொங்கவிட்டு, அது சுட்டிய இடத்தில் குச்சி நட்டேன். இப்போது கயிற்றுக்கு ஒன்றரை அடி இந்தப் பக்கம். திரும்ப அளந்தேன். ஒன்றரை. மீண்டும். ஒன்றரை.

"தப்பு!" என்று கத்தினேன். "டேப் நடுவுல தொங்குது. நல்லா இழுத்துப் பிடி!"

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வெயில் தாங்கலைங்க. எவ்வளவு வந்தா உங்களுக்குத் திருப்தி?"

"உண்மை எவ்வளவோ அவ்வளவு. எனக்கு ஒரு அடி வந்தாப் போதும். ஆனா டாக்டர் பக்கம்!"

புதருக்கு அப்பால் செருப்புச் சத்தம் சற்று நகர்ந்தது. "சரி, இப்போ இழுங்க" என்றாள்.

இழுத்தேன். நாற்பதாவது அடி கயிற்றைத் தாண்டிப் போய், சரியாக ஒரு அடி அந்தப் பக்கம் விழுந்தது. அளவை என்றால் இதல்லவா அளவை! துள்ளிக் குதித்தேன். குதித்ததில் பூட்டு காலில் விழுந்தது. வலி தெரியவில்லை. வெற்றி பெற்றவனுக்குக் கால் ஏது?

"போய்ச் சண்டை போடப் போறீங்களா?" என்றாள் வந்து.

"பின்னே?"

"வாய்ப்பேச்சு எதுக்கு? எழுதி வாங்கிக்கோங்க. சர்வேயர் சொல்ற இடத்துலதான் சுவர்னு எழுதினா நாளைக்கு அவர் பேச்சு மாற முடியாது பாருங்க."

அடடா! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் கட்சியில் நின்றது இதுதான் முதல் தடவை. உணர்ச்சிப் பெருக்கில் அப்போதே உட்கார்ந்து எழுதினேன். 'அளவுக்கல்லிலிருந்து நாற்பதாவது அடியில், ஓர் அங்குலம் கூடாமலும் குறையாமலும், சர்வேயர் காட்டும் கோட்டில் மதில் எழுப்பப்பட வேண்டியது.'

"குறுக்கே எந்தக் கட்டடம் இருந்தாலும் இடிச்சுடணும்னு ஒரு வரி சேருங்க" என்றாள். "அவங்க தண்ணித் தொட்டி அங்கதானே இருக்கு?"

சேர்த்தேன். 'யாருடையதாக இருப்பினும்' என்று நானே மெருகேற்றினேன். மூன்று முறை படித்துப் பார்த்தேன். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை.

டாக்டர் காகிதத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். என் அறையைப் பார்த்தார்.

"சார், இதெல்லாம் எதுக்கு? கயிறு இருக்கற இடத்துலயே இருக்கட்டுமே. எனக்கு ஒண்ணும் பெரிசா..."

"முடியாது டாக்டர்! நியாயம்னா நியாயம். கையெழுத்துப் போடுங்க."

"நான் சொல்ல வர்றது என்னன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்!"

ஊர் முழுக்க வாயைத் திறக்க வைக்கிறவர் என் முன்னால் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். சாட்சிக் கையெழுத்து இரண்டு மனைவிமார்களும் போட்டார்கள். டாக்டரின் மனைவி ஏனோ முகத்தை மறைத்துக்கொண்டு போட்டார்.

புதன்கிழமை சர்வேயர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். எஃகு டேப்பை எடுத்தார். கம்பி நட்டார். ஒரு கண்ணைத்தான் மூடினார், அதுவும் ஒரே தடவை. மேட்டைத் தாண்டி மட்டமாகப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்தவர் என் அறைச் சுவரில் முட்டி நின்றார். பிறகு கதவைத் திறந்து உள்ளே போய்க் கோட்டைத் தொடர்ந்தார். கோடு என் கட்டிலுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது.

"இந்த ரூம் ஒன்றரை அடி டாக்டர் நிலத்துல நிக்குது சார்."

"நான் அளந்தேனே! கயித்தைத் தாண்டி ஒரு அடி வந்ததே!"

"வளையத்தை யார் பிடிச்சாங்க?"

மனைவியைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றாள். "கடைசித் தடவை மட்டும் வெயில் தாங்காம நிழலுக்கு நகர்ந்துட்டேன். கல்லுல இருந்து ஒரு ரெண்டரை அடி இருக்கும்."

டாக்டர் தலையைச் சொறிந்தார். "உங்க அறை போயிடக் கூடாதுன்னுதான் சார் கயித்தை என் பக்கம் ஒன்றரை அடி தள்ளிக் கட்டினேன். அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க..."

"டாக்டர், நாம பேசித் தீர்த்துக்கலாமே" என்றேன், குரலைக் குழைத்து.

"எப்படிங்க?" என்றாள் மனைவி, காகிதத்தை விரித்தபடி. "யாருடையதாக இருப்பினும்னு போட்டிருக்கே. உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். பிழையே இல்லை.

மறுநாள் ஒரு சுவரை மட்டும் எடுக்கிறோம் என்று ஆரம்பித்தார்கள். அது போனதும் கூரை அதைப் பின்தொடர்ந்தது. மற்ற மூன்று சுவர்களும் தனியாக நிற்க வெட்கப்பட்டுச் சாய்ந்தன. மத்தியானத்துக்குள் தையல் அறைக்குள் வெயில் வெள்ளமாகப் பாய்ந்தது. மனைவி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! கோபித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றேன்.

"டாக்டர் கயிறு கட்டின அன்னிக்கே. நீங்க அச்சகத்துல இருந்து வந்து உள்ள தூங்கிக்கிட்டிருந்தீங்க. நானும் அந்தம்மாவும்தான் அளந்தோம்."

"அப்பவே என்கிட்டே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, ரூமை இடிச்சிருப்பீங்களா?"

நியாயமான கேள்வி. முற்றத்தில் என் கட்டில் நாலு காலோடு அநாதையாக நின்றது.

"சரி, ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே படுக்கறது?"

"அதையும் அளந்து வெச்சிருக்கேங்க" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "மாடிப்படிக்குக் கீழ அஞ்சே கால் அடி இருக்கு, நீங்க அஞ்சரை, காலை மடக்கிக்கோங்க."