ஆர்வில் கேட்ட கிரனோலா

"க்ர்ர்… னோலா" என்றார் ஆர்வில்.

லோரெட்டாவின் கையிலிருந்த தலையணை உறை கீழே விழுந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவின் வாயிலிருந்து முனகலைத் தவிர எதுவும் வந்ததில்லை.

"டுவைட்! டேய் டுவைட்! ஓடி வாடா, அப்பா பேசிட்டாரு!"

பாதிச் சவரத்தோடு, ஒரு கன்னத்தில் நுரையோடு வந்து நின்றான் தம்பி. "என்ன சொன்னாரு?"

"கிரனோலான்னாரு."

"கிரனோலாவா? இவ்வளவு நாள் கழிச்சு வாயத் திறந்து அதையா கேட்டாரு?"

லோரெட்டா பொலபொலவென்று அழுதாள். மலையெல்லாம் இலை சிவக்கத் தொடங்கியதும் அம்மா ஹேசல், ஓட்ஸும் ஆப்பிள் வற்றலும் பட்டையும் கிராம்பும் போட்டு மேப்பிள் மரப் பாகில் புரட்டி வறுத்து, கட்டி கட்டியாக வெட்டி டப்பாவில் அடைப்பாள்; அதுதான் கிரனோலா. அம்மா போனபின் அந்த வீட்டில் யாரும் அதைச் செய்யவில்லை. அப்பா இந்த இலையுதிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இது கடைசி ஆசை.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் பெர்னிஸ் மட்டும் எச்சரித்தாள். "அவரால எதையும் விழுங்க முடியாது. பொடிச்சு, பால்ல குழைச்சு, நாக்குல தொட்டு வை. அதுக்கு மேல வேணாம்."

லோரெட்டாவுக்கு முட்டை வேகவைக்க வரும், அதற்குமேல் கேட்கக்கூடாது. அன்று மதியம் அவள் வறுத்தெடுத்ததைப் பொடிக்க டுவைட் கொட்டகையிலிருந்து சுத்தியல் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஸ்பூன் அருகில் வந்ததும் ஆர்வில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "னோலா" என்றார், கொஞ்சம் கோபமாக.

"இது இல்லையாம்" என்றான் டுவைட். "அம்மா கிராம்பு தூக்கலாப் போடுவா, தெரியாதா உனக்கு?"

"தெரிஞ்சவன் நீ செய்ய வேண்டியதுதானே?"

அடுத்த தடவை கிராம்பு தூக்கலாகவே விழுந்தது. நாக்கில் பட்ட உடனே கிழவரின் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"பாத்தியா, அம்மா ஞாபகம் வந்திருச்சு" என்று விம்மினாள் லோரெட்டா.

"காரம் ஏறிருச்சுக்கா. மூஞ்சியப் பாரு, செவந்து போச்சு."

துடைத்துவிட்டு, தண்ணீரால் நாக்கை நனைத்ததும் அவர் மறுபடி சொன்னார்: "னோலா."

குறை பாகில்தான் இருக்க வேண்டும் என்று டுவைட் முடிவு கட்டினான். கடைப் பாகு அப்பாவுக்கு ஆகாது. சொந்த மரத்துப் பாகுதான் வேண்டும். கொட்டகையின் மூலையில் துருப்பிடித்த பழைய பாகு டின் ஒன்று கிடைத்தது. அதை முழுவதும் ஓட்ஸ் தட்டில் கவிழ்த்து ஓவனில் தள்ளிவிட்டு, நல்லது செய்த திருப்தியோடு விறகு பிளக்கப் போனான்.

பாகு பொங்கி வழிந்து ஓவனுக்குள் தீப்பிடித்தது. வீடெங்கும் கரும்புகை. புகை அலாரம் அலறியது. தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே நுழைந்த தீயணைப்புப் படைத் தலைவர், கட்டிலருகே ஆக்சிஜன் உருளையைப் பார்த்து, "யோவ், இத வச்சுக்கிட்டா தீ மூட்டினீங்க?" என்று கத்திவிட்டு, கிழவரைக் கட்டிலோடு தூக்கி வாசல் முகப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

வெளியே குளிர் கடித்தது. ஆர்வில்லின் போர்வைமேல் இலைகள் விழுந்தன. அவர் ஊருக்கு வரும் சாலையையே பார்த்தபடி, முன் எப்போதையும்விடத் தெளிவாகச் சொன்னார்: "னோலா."

"என்ன கேக்குறாரு?" என்றார் தலைவர்.

"கிரனோலா. எங்கம்மா செஞ்ச மாதிரி."

அந்தத் தடித்த மனிதரின் கண் கலங்கிவிட்டது. கோட்டுப் பைக்குள் கையை விட்டு, தான் கடித்து மிச்சம் வைத்திருந்த கடைக் கிரனோலாக் கட்டியை எடுத்து நீட்டினார். ஆர்வில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

புகை அடங்கிக் கட்டில் உள்ளே போவதற்குள் குளிர் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் பெர்னிஸ் காதுக்குழாயை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இவர வெளிய யாரு போட்டது?"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நுரையீரல்ல சளி கட்டிருச்சு. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க."

"சொல்ல யாரு இருக்கா? நாங்க ரெண்டு பேர்தான்" என்றாள் லோரெட்டா.

படுக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கிழவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "னோலா. னோலா."

"இருங்கப்பா, இந்தா ஆயிருச்சு!"

ஓவன் கருகிக் கிடந்ததால், கடைசித் தடவை இரும்புச் சட்டியில் வறுத்தாள். கிரான்பெர்ரி போடச் சொன்னான் டுவைட். திராட்சைதான் என்றாள் அவள். அப்பா சாகக் கிடக்க, அடுப்படியில் இருவரும் குழந்தைகளைப்போல் கத்திக்கொண்டார்கள். முடிவில் இரண்டையும் போட்டாள். ஜாதிக்காயும் துருவினாள். கிண்ணத்தோடு வந்து குனிந்தபோது, ஆர்வில் அசையும் ஒரே கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். எங்கிருந்து அந்த வலு வந்ததோ! அவள் கண்களுக்குள் பார்த்து உதட்டைக் குவித்தார். சத்தம் வரவில்லை. கிண்ணத்தைத் தட்டிவிட்டார். அது உருண்டு நிற்பதற்குள் அவர் கை தளர்ந்துவிட்டது.

"கடைசிவரைக்கும் சரியா வரலடா" என்று தரையில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டே அழுதாள் லோரெட்டா. டுவைட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினான். கிரான்பெர்ரியைப் பற்றி அவன் பேசவில்லை.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். "கடைசி மூச்சில் அந்த மனிதர் கேட்டது பொன்னா, பொருளா? ஒரு பிடி கிரனோலா!" என்று போதகர் உருகியிருந்தார். அதனால் தட்டு தட்டாக லோரெட்டாவின் கிரனோலா வைக்கப்பட்டிருந்தது. மரியாதைக்காக ஆளுக்கொரு கட்டி எடுத்தார்கள். யாரும் பேசவில்லை, பேச முடியவில்லை. மண்டபம் முழுக்க மெல்லும் சத்தம்தான். போதகர் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு பெயர்ந்த பல் ஒன்றோடு வெளியே போனார்.

கூட்டம் கலையும் நேரத்தில், நரைத்த தலையும் நனைந்த கோட்டுமாக ஒரு பெண் உள்ளே வந்தாள். லோரெட்டாவைவிடச் சில வயது மூத்தவள். ஊரில் யாருக்கும் தெரியாத முகம்.

"தாமதமாயிருச்சு" என்றாள். "பேப்பர்ல பாத்துத்தான் தெரிஞ்சுது. ஏரிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றேன்."

"பரவால்ல. இத எடுத்துக்குங்க" என்று லோரெட்டா தட்டை நீட்டினாள். "அப்பா கடைசியாக் கேட்டது இதத்தான்."

அந்தப் பெண் ஒரு கட்டியை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீங்க யாருன்னு தெரியலியே?" என்றான் டுவைட்.

"நோலா" என்றாள் அவள். "ஏன், அப்பா என்னப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தகூடச் சொல்லலியா?"